நிறுவல் வட்டு தயாரித்தல்: கட்டளை வரியின் வழி

மைசூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 30 கணினிகள் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொன்றுக்கும் 2 ஜிகாபைட் லினக்ஸ் கோப்பைத் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் 60 ஜிகாபைட் செலவாகும். ஒருமுறை இறக்கி நிறுவல் வட்டு தயாரித்தால் 2 ஜிகாபைட்டே போதும். டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. டெபியனைத் தழுவிச் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2015-இல் மத்திய அரசு திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. ஆகவே இப்பயிற்சி மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

வட்டு இயங்குவது எவ்வாறு?

கணினியைத் தொடக்கும் நிரல், வட்டில் குறித்த இடத்தில் அமைந்திருக்க வேண்டும். குறுவட்டுக்கான இம்முறையை 1995-இல் வெளியான 'எல் டொரிட்டோ' வரையறை வகுத்தது. ஐ.எஸ்.ஓ. கோப்பு முழு வட்டின் படிமமாகும். அதைச் சாதாரணக் கோப்பாக வட்டில் நகலெடுத்தால் கணினி தொடங்காது. படிமமாகவே எழுத வேண்டும்.

செய்முறை

1. 'ஷா256சம்' கட்டளையால் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கண்டு, வெளியீட்டாளர் தந்த எண்ணுடன் ஒப்பிடுக. வேறுபட்டால் கோப்பு பழுதுற்றது, மீண்டும் இறக்குக.

2. 700 மெகாபைட்டுக்கு உட்பட்ட படிமத்துக்குக் குறுவட்டும், அதற்கு மேல் 4.7 ஜிகாபைட் வரை டிவிடியும் ஏற்றவை. 'வோடிம்' கட்டளையால், குறைந்த வேகத்தில் எழுதுக.

3. யு.எஸ்.பி. நினைவகமாயின், 'எல்.எஸ்.பி.எல்.கே.' கட்டளை காட்டும் பட்டியலில் கொள்ளளவைப் பார்த்து அதன் பெயரை அறிக. அதன் பகுதிகள் இணைப்பிலிருந்தால் முதலில் விலக்குக. பின் 'டிடி' கட்டளையால் எழுதுக. 'எஸ்.டி.பி.1' என்பது ஒரு பகுதியின் பெயர், 'எஸ்.டி.பி.' என்பதே முழுச் சாதனத்தின் பெயர். முழுச் சாதனத்தில்தான் எழுத வேண்டும்.

4. 'சிங்க்' கட்டளை முடிந்த பின்னரே சாதனத்தைக் கழற்றுக. நினைவகத்தில் தேங்கியுள்ள தரவு அப்போதுதான் முழுமையாக எழுதப்பட்டிருக்கும்.

எச்சரிக்கை

'டிடி' கட்டளை எவ்விதக் கேள்வியும் கேட்பதில்லை. ஓர் எழுத்து மாறிக் கணினியின் சொந்த வட்டைக் குறித்துவிட்டால், அதிலுள்ள பதிவேடுகளும் மாணவர் உழைப்பும் அழியும். மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே, முக்கியக் கோப்புகளை முன்னரே வேறிடத்தில் சேமித்தலும், சாதனப் பெயரை இருமுறை சரிபார்த்தலும் இன்றியமையாதவை. கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளின் பயனைக் காப்பது, அதைக் கையாள்வோரின் கவனமே.