நிணம் மூடிய இருதயமும் வேதத்தின் மகிழ்ச்சியும்
(தியானப் பகுதி: சங்கீதம் 119:69-71)

இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டின் கிழக்கு எல்லைக் கிராமங்களிலும் தமிழ் வேதாகமத்தை வாசிக்கும் குடும்பங்கள் உண்டு. அவ்விடங்களில் ஊழியம் செய்வோர் எதிர்ப்பைச் சகித்துக்கொள்வர்; ஆனால் எதைச் சொன்னாலும் உறைக்காத மனிதர் நடுவே சோர்ந்துபோவதுண்டு. சங்கீதக்காரனும் இத்தகையோர் மத்தியிலேயே வாழ்ந்தான். அகங்காரிகள் அவன்மேல் பொய்களைப் பூசினார்கள். அவர்களுடைய இருதயத்தை அவன் கொழுப்பு மூடியதாகக் காண்கிறான். கல்லையாவது உடைக்கலாம், நிணமோ அடியை வாங்கிக்கொண்டு அப்படியே இருக்கும்.

அவனோ வேதத்தில் மகிழ்ந்தான். இங்கு வரும் எபிரெயச் சொல், ஏசாயா 11:8-ல் பால் குடிக்கும் குழந்தை விளையாடுவதைக் குறிக்கிறது; ஏசாயா 66:12-ல் முழங்காலில் வைத்துத் தாலாட்டப்படுவதைக் குறிக்கிறது. ஆகவே இது பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் கடமை வாசிப்பு அன்று.

தமிழ் வேதாகமத்தின் பிறப்பிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதமே சென்றிருந்தது. டேனியத் தளபதி ஹாசியஸ் அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். ஒரு விதவையின் வழக்கில் அவர் பரிந்து பேசியது தளபதியின் சினத்தைக் கிளறியிருந்தது. ஏறக்குறைய நான்கு மாதச் சிறைவாசம்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹாசியஸ் வேதத்தை அறியாதவர் அல்லர். சீகன்பால்குவை அனுப்பிய அதே டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி அவர். அதே வேதத்தை உடைய சபையைச் சேர்ந்தவர். கொழுத்த இருதயம் புறம்பே மட்டும் இருப்பதன்று. வேதம் வாசிக்கிறவனுக்குள்ளும் அது வளரக்கூடும். அதனால்தானோ சங்கீதக்காரன் பிறரைக் குறித்துப் பேசியவுடனே தன்னிடம் திரும்பி, தான் உபத்திரவப்பட்டது தனக்கு நல்லதென்று அறிக்கையிடுகிறான்!

சிறையிலும் சீகன்பால்கு எழுதுவதை விடவில்லை. வெளியே வந்தபின் தளபதிக்கு மறுமொழி கூறுவதிலேயே நாட்களைக் கழித்திருக்கலாம். அவரோ வசனத்திற்குத் திரும்பினார். 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு தமிழில் நிறைவுற்றது. 1715-ல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. அடுத்துப் பழைய ஏற்பாட்டைக் கையிலெடுத்தார். 1719-ல், தமது 36-ஆம் வயதில் அவர் மரித்தபோது, மொழிபெயர்ப்பு ரூத்தின் புஸ்தகம்வரை வந்திருந்தது. அதுவும் ஒரு விதவையின் சரித்திரமே.