சின்ன எலக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? ஷோரூமுக்குப் போகும் முன் சில கணக்குகள்

பெட்ரோல் செலவு மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு மிச்சம், யாருக்கு மிச்சம் என்பதுதான் விஷயம், தோழிகளே! பேனாவும் காலண்டர் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் வீட்டு ஓட்டத்தைக் கணக்கெடுங்கள். இப்போதிருக்கும் வண்டியின் ட்ரிப் மீட்டரை ஞாயிறு இரவு சைபராக்கிவிட்டு, அடுத்த ஞாயிறு பாருங்கள். ஸ்கூல், ஆபீஸ், மார்க்கெட் எல்லாம் சேர்த்து வருவதுதான் உங்கள் தேவை. வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போகும் தூரத்துக்காகப் பெரிய பேட்டரி வாங்க வேண்டாம். அன்றைக்கு ஒரு வாடகைக் கார் எடுத்தால் முடிந்தது.

2. 'கிலோவாட் ஹவர்' என்றதும் மிரள வேண்டாம், நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான் அது. எம்ஜி காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட் பிடிக்கும். டாடா டியாகோ ஈவி 19.2, 24 என்று இரண்டு அளவில் வந்தது. சின்னக் கார் ஊருக்குள் 100 கி.மீ. ஓட 10 முதல் 12 யூனிட் தின்னும் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், ரேஞ்ச் தானே வந்துவிடும்.

3. விளம்பரத்தில் போடும் ரேஞ்ச் சோதனைக்கூடத்து ரேஞ்ச். காமெட்டுக்கு 230 கி.மீ. என்று சொல்வார்கள், அதில் 70 சதவீதம், அதாவது 160 கி.மீ.யை நிஜம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கைக்காவலாக ஒதுக்கினால் மிஞ்சும் 130 கி.மீ.க்குள் உங்கள் அன்றாட ஓட்டம் அடங்குகிறதா? அடங்கினால் சின்ன பேட்டரியே தாராளம்.

4. பேட்டரிக்கும் வயசாகும். புதுசில் 160 கி.மீ. ஓடுவது ஏழெட்டு வருஷத்தில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் 128 கி.மீ.தான். அந்தக் கிழ ரேஞ்சும் போதுமா என்று இன்றைக்கே பார்த்துவிட்டால், பேட்டரி மாற்றும் செலவே வராமலும் போகலாம்.

5. ஏசி போடாமல் ஓட்டினால் ரேஞ்ச் கூடும் என்ற அறிவுரையைக் கத்திரி வெயிலில் யாரும் கேட்கப் போவதில்லை, விடுங்கள். அதற்குப் பதில், கார் பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டுக் குளிர வைத்துவிட்டுக் கிளம்புங்கள்; அந்தக் கரண்ட் பேட்டரியிலிருந்து போகாது. ஈசிஆரில் 100-ல் பறக்காமல் 70-ல் போனாலே ஏசி தின்பதைவிட அதிகம் மிச்சமாகும்.

6. மலைக்குப் போகிறவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கி.மீ.தான், ஆனால் 1,900 மீட்டர் ஏற்றம். நாலு பேரோடு சின்னக் கார் ஏற, அந்த ஏற்றத்துக்கு மட்டும் 7, 8 யூனிட் போய்விடும். தூரத்துக்கு ஆவது தனி. 24 யூனிட் பேட்டரியிலேயே பாதிக்கு மேல் காலி! இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி ஏறும் என்பதால், ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் அந்த இலவசக் கரண்ட் போக இடமிருக்காது. பிரேக் சூடாவதுதான் மிச்சம்.

7. ஒரே காரில் சின்ன பேட்டரி, பெரிய பேட்டரி என்று இருந்தால் விலை வித்தியாசத்தைக் கூடுதல் யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். 19.2-க்கும் 24-க்கும் இடையே 4.8 யூனிட், நிஜ ஓட்டத்தில் 40 கி.மீ. சொச்சம். அந்த 40 கி.மீ. மாதத்தில் எத்தனை நாள் தேவைப்படும் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். பெரிய பேட்டரியோடு சேர்த்துத் தரும் அலாய் வீலும் கலர் கூரையும் இந்தக் கணக்கில் வராது.

8. பேட்டரிக்கு மட்டும் வாடகை கட்டும் திட்டம் ஒன்று உண்டு. 2024-ல் காமெட்டை 6.99 லட்சத்துக்கு முழுசாகவும், 4.99 லட்சத்தோடு கி.மீ.க்கு 2.50 ரூபாய் என்றும் விற்றார்கள். 2 லட்சத்தை 2.50-ஆல் வகுத்தால் 80,000 கி.மீ. அதற்குக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வாடகை லாபம் மாதிரித் தெரியும். ஆனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கி.மீ.க்குக் கட்டியே ஆக வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

9. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத பில்லில், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, 250 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆவதோடு, கீழ்ப்படிச் சலுகையும் குறையும். ஆகவே யூனிட் பத்து ரூபாய் என்றே போடுங்கள்; அப்படிப் போட்டாலும் கி.மீ.க்கு ஒன்றேகால் ரூபாய்தான்.

10. லிட்டருக்கு 18 கி.மீ. தரும் பெட்ரோல் கார், லிட்டர் நூறு ரூபாய் என்றால், கி.மீ.க்கு ஐந்தரை ரூபாய் தின்னும். மிச்சம் நாலு ரூபாய் சொச்சம். எலக்ட்ரிக் கார் 2 லட்சம் அதிக விலை என்றால் அந்தப் பணம் திரும்பி வர 50,000 கி.மீ. ஓட வேண்டும்: மாதம் 1,000 ஓட்டுகிறவருக்கு நாலு வருஷம், 400 ஓட்டுகிறவருக்குப் பத்து வருஷம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுக்கும் வீட்டுக்கு, மனசாரச் சொல்கிறேன், இது வேண்டாம்.

11. விலையை ஒப்பிடும்போது ஆன்ரோடு விலையோடு ஆன்ரோடு விலையை வையுங்கள். எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்னப் பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் பழைய ஒப்பீட்டுக் கணக்கெல்லாம் செல்லாது. சாலை வரி விலக்கு அன்றைய தேதியில் உண்டா என்று ஆர்டிஓ ஆபீஸிலேயே கேளுங்கள். லோன் வட்டிக்கு 80ஈஈபி பிரிவில் வரிக்கழிவு என்று சேல்ஸ்மேன் சொன்னால், அது 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

12. பொதுச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைவிட எவ்வளவோ அதிகம், அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. வீட்டில் பிளக் போட வழியில்லாமல் வெளிச் சார்ஜரையே நம்பினால் மேலே போட்ட மிச்சக் கணக்கு பாதியாகிவிடும். அபார்ட்மெண்ட்வாசிகள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அசோசியேஷன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

13. சின்ன பேட்டரிக்கு 15 ஆம்பியர் பிளக்கே போதும். ராத்திரி போட்டால் காலையில் நிரம்பியிருக்கும். சுவர் சார்ஜருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை நல்ல எர்த்திங், தனி வயர், தனி எம்சிபிக்குப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

14. டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் வசதி காரில் இருக்கிறதா என்று கேளுங்கள். காமெட்டில் அது கிடையாது, ஊருக்குள்தான் அதன் ராஜ்ஜியம். டியாகோவில் உண்டு, 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம்.

15. பேட்டரி வாரண்ட்டி 8 வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நீங்கள் பொடி எழுத்தைப் படியுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், கெட்டுப்போன மாட்யூலை மட்டும் மாற்ற முடியுமா, காரை விற்றால் அடுத்தவருக்கும் வாரண்ட்டி போகுமா. முழுப் பேட்டரியின் இன்றைய விலையையும் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

16. என்றாவது பேட்டரி மாற்ற நேர்ந்தால் உதவ, ஓட்டும் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு ரூபாயை ஆர்டியில் போட்டு வாருங்கள், பெட்ரோலில் மிஞ்சியதில் கால் பங்குதான் இது. மாதம் 1,000 கி.மீ. என்றால் எட்டு வருஷத்தில் வட்டியோடு லட்சத்தைத் தாண்டிவிடும். 2010-ல் ஒரு யூனிட் பேட்டரி உலகச் சந்தையில் ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் சராசரி 115 டாலர். நாளைக்கு மாற்ற நேர்ந்தாலும் இன்றைய விலை இருக்காது என்று நம்பலாம்.

17. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைப் பேட்டரி வெயிலைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இடையிடையே 100 சதவீதம் வரை ஸ்லோ சார்ஜ் போட்டால்தான் மீட்டர் காட்டும் சதவீதம் சரியாக இருக்கும். எந்த வகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று டெலிவரி எடுக்கும்போதே கேட்டு, கையேட்டில் குறித்து வையுங்கள்.

18. பேட்டரிக்குத் தண்ணீர் பயமில்லை, ஐபி67 தரம் என்பார்கள்; ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதன் கணக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னைத் தெருக்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. தாழ்வான ஏரியாவில் இருப்பவர்கள் இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கான ஆட்-ஆன் சேர்ப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

19. பழைய எலக்ட்ரிக் கார் மலிவாகக் கிடைத்தால் ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்; விற்பவர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

20. டெஸ்ட் டிரைவைத் தெருமுனையோடு முடிக்காமல், வீட்டு ஆட்களை ஏற்றி, ஏசி போட்டு, உங்கள் ஆபீஸ் வழியிலேயே ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் பேட்டரி சதவீதத்தையும் கி.மீ.யையும் குறித்துக்கொண்டால், எந்த விளம்பரமும் சொல்லாத ரேஞ்ச் உங்கள் கையில்.