நூறு இடத்தில் போடுவதா, பத்து இடத்தில் போடுவதா?

சென்ற மாதம் மக்ரிபுக்குப் பிறகு, பி.காம். முடித்த தம்பி ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். "ஆறு மாசத்துல இருநூறு கம்பெனிக்கு மேல போட்டுட்டேன் பாய். ஒண்ணும் அமையல" என்றார். அவருடைய செல்போனை வாங்கிப் பார்த்தோம். கணக்காளர், விற்பனை மேலாளர், குர்கானில் கால் சென்டர் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பயோடேட்டா போயிருந்தது. நாம் துருவிக் கேட்டபோதுதான் இரண்டு அழைப்புகள் வந்ததையே சொன்னார். எங்கே, என்ன வேலைக்குப் போட்டோம் என்பது நினைவில்லாமல், "எந்தக் கம்பெனிங்க?" என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார். பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது.

நவுக்ரி போன்ற தளங்களில் ஒரு தொடுதலில் விண்ணப்பம் போய்விடுகிறது. நமக்கு எளிது என்றால் எல்லோருக்கும் எளிதுதானே? குவிந்து கிடப்பதை யாரும் ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. ஊர், அனுபவம், தெரிந்த வேலை என்று வடிகட்டித்தான் எடுக்கிறார்கள். தம்பியின் பயோடேட்டாவில் அனுபவம் 'இல்லை' என்றிருந்தது. ஆனால் இரண்டு வருடமாக மாமாவின் ஹார்டுவேர் கடைக் கணக்கை டேலியில் எழுதுவது அவர்தான். ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி தாக்கல் செய்வதும் அவர்தான். "அது நம்ம கடைதானே பாய்" என்றார். நம் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். சொந்தக் கடையில் செய்தாலும் வேலை வேலைதான். அதை எழுத வேண்டும்.

கணக்கு வேலைக்கு மட்டும், விளம்பரத்தில் கேட்டிருப்பதைப் பார்த்து, வாரம் எட்டு பத்து இடங்களுக்குப் போடச் சொன்னோம். எங்கே, என்றைக்கு, எந்த வேலைக்கு என்று ஒரு நோட்டில் குறிக்கவும் சொன்னோம். இதுவரை மூன்று நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை, துஆ செய்யுங்கள்.

தேர்ந்தெடுத்துப் போடுவது என்றால் ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்காருவதும் அல்ல. வங்கி வேலை ஒன்றுக்காகவே வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளும் நம் மஹல்லாவில் உண்டு. ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது வரைதான், ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு கூடுதல். படிக்கிற காலத்திலேயே வேறொரு வேலையிலும் கால் வைத்திருப்பது நல்லது.

வளைகுடா வேலைக்கு மட்டும் கண்ட இடத்திலெல்லாம் போடவே கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்கெல்லாம் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிட்டு, பிறகு பெற்றோர் நம்மிடம் ஓடி வருகிறார்கள். ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. ஒன்றரை லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். பயோடேட்டாவையும், இதுவரை போட்ட இடங்களின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகள் தாயாருடன் வரலாம்.