கைடின் காரும் எண்ணூர் ஓதமும்

பிஎச்டிக்குத் தலைப்பு தேடுகிற தம்பி தங்கைகளே, லைப்ரரியில் தேடாதீர்கள். எனக்கு எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கிடைத்தது. இறால் பிடிக்கிறவர்கள் திட்டிக்கொண்டிருந்த ‘காக்கா ஆழி’ என்கிற சிப்பி. சொந்த ஊர் தென் அமெரிக்கக் கடற்கரை. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. கொசஸ்தலை ஆற்றுச் சேற்றை அடை அடையாக மூடிவிடும். இறால் பதுங்க இடமிருக்காது. கேரளக் காயலில் இது இருப்பதாக 2019-லேயே பேப்பர் வந்துவிட்டது. நம் ஆற்றில் எவ்வளவு உப்பு இருந்தால் இது பெருகுகிறது என்பது என் கேள்வி.

பழைய பேப்பர் படிப்பது, சினாப்சிஸ், கமிட்டி எல்லாம் தானாக நடக்கும், விடுங்கள்.

சாம்பிள் எடுக்கிற நேரத்தில்தான் என் குடி முழுகியது. கார் திங்கட்கிழமைதான் கிடைக்கும், ஆகவே திங்கள் காலை பத்து மணி என்றார் கைடு. படகுக்கார அண்ணன் முதல் நாளே கேட்டார்: “ஏம்மா, தண்ணி ஏறும்போது எடுப்பியா, வத்தும்போதா?” கைடிடம் சொன்னேன். “அதெல்லாம் சராசரியில அடிபட்டுப் போயிடும்மா” என்றார்.

ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இந்தத் திங்கள் பத்து மணிக்குத் தண்ணீர் ஏறி நின்றால், அடுத்த திங்கள் அதே பத்து மணிக்கு வற்றிக் கிடக்கும். எங்கள் கிராஃபில் உப்பு வாரம் விட்டு வாரம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. அது அனல்மின் நிலையம் விடுகிற தண்ணீரின் விளைவு என்று பக்கம் பக்கமாக எழுதவைத்தார்.

பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பினோம். இரண்டாவது ரிவ்யூவர் கேட்டது ஒன்றே ஒன்று: சாம்பிள் எடுத்தபோது ஓதம் எந்த நிலையில் இருந்தது? மணியை வைத்து அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அட்டவணை சென்னைத் துறைமுகத்துக்கு. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் ஏறுவதே தாமதம். ரிஜெக்ட். ஒரு பருவம் முழுக்கப் போச்சு.

அடுத்த பருவம் காரை நம்பவில்லை. வீடு திருவொற்றியூரில், அண்ணன் போன் செய்ததும், விடிகாலையானாலும், அப்பாவின் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். பக்கம்தானே. தண்ணீர் வற்றி நிற்கும்போது மட்டும் எடுத்தேன். ரம்பப் பல் காணாமல் போனது. மேஜர் ரிவிஷன், மைனர் ரிவிஷன், ஏற்பு.

நன்றிப் பகுதியில் அண்ணன் பெயரை கைடு அடித்துவிட்டார், “சயின்டிஃபிக்கா இல்லை” என்று. ப்ரூஃப் வந்தபோது எழுத்துப்பிழைகளோடு அதையும் திருத்தமாகச் சேர்த்தேன். கைடு தன் பெயரின் ஸ்பெல்லிங்கை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னார்.