உப்புக்கல்லும் உங்கள் கம்ப்யூட்டரும்: தப்பான விடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு, படம், இன்டர்நெட் என்று ஆரம்பிப்பது வழக்கம். அதே கம்ப்யூட்டரில், ஓர் உப்புக்கல்லுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்றும் கணக்கிடலாம். இதற்கு உதவும் குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ, யாம்போ ஆகிய இரண்டு சாஃப்ட்வேர்களும் இலவசம். லினக்ஸில் இயங்குபவை.

ஆனையூரில் எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர், ப்ராஜெக்டைக் கொடுக்க ஒரு வாரமே இருந்தபோது என்னிடம் வந்தார். சாஃப்ட்வேர் எந்த எர்ரரும் காட்டவில்லை. விடை மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. "ரேம் பத்தலையாண்ணே?" என்று கேட்டார். புது ரேமுக்குப் பணம் செலவழிக்கும் முன் நாங்கள் சரிபார்த்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

என்ன கணக்கிடுகிறோம்?

உப்பு ஒரு மின்கடத்தாப் பொருள். அதன் எலெக்ட்ரான்கள் கீழ்ப் பட்டையில் நிறைந்திருக்கின்றன. மேலே காலிப் பட்டை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆற்றல் இடைவெளி, அளந்து பார்த்ததில், 8.5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலோ சுமார் 1.6 முதல் 3.1 வரைதான். இந்த ஒளியால் எலெக்ட்ரானை மேலே தூக்கிவிட முடியாது. அதனால்தான் தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் நல்ல உப்புக்கல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது.

1. அலகைப் பாருங்கள்

உப்புப் படிகத்தின் அடிப்படைக் கட்டத்தின் நீளம் 5.64 ஆங்ஸ்ட்ராம். குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோவில் செல்டிஎம்(1) என்ற இடத்தில் நீளத்தை போர் என்ற அலகில் தர வேண்டும். ஓர் ஆங்ஸ்ட்ராம் சுமார் 1.89 போர். எனவே அங்கே 10.66 என்று டைப் செய்ய வேண்டும். அந்த மாணவியின் ஃபைலில் 5.64 என்றே இருந்தது. படிகம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது. தந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. அது உண்மையான உப்பா என்று அதற்குத் தெரியாது.

2. காலிப் பட்டைகளைக் கேளுங்கள்

மின்கடத்தாப் பொருள் என்றால் சாஃப்ட்வேர் தானாக நிறைந்த பட்டைகளை மட்டுமே கணக்கிடும். 8 வெளி எலெக்ட்ரான்கள் இருந்தால் 4 பட்டைகளோடு நின்றுவிடும். மேல் பட்டை இல்லாமல் இடைவெளி எப்படித் தெரியும்? என்பிஎன்டி என்ற இடத்தில் 8 அல்லது 10 என்று கொடுங்கள். சோடியத்தின் உள் எலெக்ட்ரான்களையும் சேர்க்கும் ஃபைலைப் பயன்படுத்தினால் இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

3. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கட்-ஆஃப் ஆற்றலை 40, 50, 60 ரிட்பெர்க் என்று கூட்டிக்கொண்டே போங்கள். விடை அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு கே-புள்ளிகளை இதேபோல் 4×4×4, 6×6×6 என்று கூட்டிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் விடை மாறியது என்று தெரியாது.

4. இது உங்கள் தவறல்ல

இவ்வளவும் சரி செய்த பிறகு இடைவெளி சுமார் 5 எலெக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. 8.5 எங்கே, 5 எங்கே? வால்டர் கோன் 1964-65ல் மற்ற இருவரோடு தனித்தனியே உருவாக்கிய முறை இது. இதற்காக அவர் 1998ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். எலெக்ட்ரான்கள் அமைதியாக இருக்கும் நிலைக்குத்தான் இது பொருத்தமானது. வழக்கமான தோராயங்களோடு பயன்படுத்தினால் இடைவெளியைக் குறைத்தே காட்டும். எத்தனை ரேம் போட்டாலும் இந்தக் குறை தீராது. யாம்போவில் உள்ள ஜிடபிள்யூ முறைதான் இடைவெளியை உயர்த்தித் தரும்.

எலெக்ட்ரான் மேலே போனால் கீழே ஒரு துளை விழும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இந்த ஜோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். இதனால் உப்பு ஒளியை உறிஞ்சும் முதல் உச்சம், இடைவெளிக்கும் கீழே, 8 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் வருகிறது. இதைக் காண பெத்தே-சால்பீட்டர் கணக்கு வேண்டும்.

5. ரேம் எப்போது பத்தாது?

இந்தக் கடைசிக் கணக்கில்தான். 216 கே-புள்ளிகள், 3 கீழ்ப் பட்டைகள், 4 மேல் பட்டைகள் என்றால் 2,592 ஜோடிகள். அணியின் ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பைட் வீதம் சுமார் 107 எம்.பி. ஆகும். 6×6×6 என்பதை 12×12×12 ஆக்கினால் இது 64 மடங்காகி, 7 ஜி.பி.யை நெருங்கும். 8 ஜி.பி. ரேம் உள்ள கம்ப்யூட்டர் திணறிவிடும். முதலில் பேப்பரில் பெருக்கிப் பாருங்கள். பிறகு என்டர் தட்டுங்கள்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் 5 என்ற விடையைத் திருத்தாமல் அப்படியே எழுதி, ஏன் குறைகிறது என்ற காரணத்தையும் கீழே எழுதச் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக 8.5 என்று மாற்றி எழுதினால், பின்னால் அதே ஃபைலை வைத்துக் கணக்குப் போடுபவருக்கு அந்த விடை வரவே வராது. எர்ரர் மெசேஜ் வராத விடையெல்லாம் சரியான விடை என்று நம்பிவிடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, மாற்றிய எண், வந்த விடை ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை தப்பு எங்கே என்று தேட அந்த நோட்டு கைகொடுக்கும்.