தென்னை வெள்ளை ஈயைப் படம் எடுக்கும் முறை

தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது. இதன் தாக்குதலைக் கண்டதும் விவசாயிகள் பலர் ஓலையைக் கைபேசியில் கிட்டத்தில் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்புகின்றனர். படம் இருண்டிருந்தால் தவறான முடிவுக்கு இடமாகும்.

கறுப்பா, வெளுப்பா?

என்கார்சியா என்னும் நுண்ணிய குளவி வெள்ளை ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. குளவி தாக்கிய கூட்டுப்புழு கருமையாக மாறிவிடும். இத்தகைய கூட்டுப்புழுக்கள் மிகுந்திருந்தால் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. தெளித்தால் நன்மை செய்யும் குளவியும் மடியும். ஆகவே படத்தில் நிறம் சரியாகத் தெரிவது அவசியம்.

படம் ஏன் இருள்கிறது?

எதிரே உள்ள பொருள் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை மெழுகு படர்ந்த ஓலை படம் முழுவதையும் நிரப்பும்போது, வெளிச்சம் அதிகம் என்று கருதி அதைக் குறைத்துவிடுகிறது. வெள்ளை சாம்பலாகிறது, நல்ல கூட்டுப்புழுவும் கறுத்துத் தோன்றுகிறது. ஓலையை வானத்துக்கு எதிரே பிடித்தாலும் இதே கதிதான்.

செய்ய வேண்டியவை

1. ஓலைத் துண்டை நறுக்கி, அடிப்புறம் மேலே இருக்குமாறு வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். நேர் வெயில் ஆகாது.

2. கைபேசியின் நிழல் ஓலைமேல் விழலாகாது. ஒட்டு லென்ஸ் பொருத்தினால் மிக அருகில் செல்ல நேர்வதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

3. திரையில் பூச்சியின்மேல் விரலை வைத்தால் பெரும்பாலான கைபேசிகளில் சூரியக் குறி தோன்றும். அதை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும். எண் காட்டும் கேமராவில் +1 என்பது இரு மடங்கு வெளிச்சம்.

4. மெழுகு வெண்மையாகத் தெரியும் வரை கூட்டினால் போதும். இழைகள் மறையும் அளவுக்குக் கூட்டலாகாது.

5. கரும்பூசணம் படர்ந்த ஓலையின் மேற்புறத்துக்கு முறை நேர்மாறானது. அங்கே வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

6. திருத்தாமல் ஒன்று, சிறிது கூட்டி ஒன்று, மேலும் கூட்டி ஒன்று என மூன்று படங்களும், முழு ஓலையைக் காட்டும் படம் ஒன்றும் அனுப்புவது நன்று.

ஐயம் இருப்பின், கைக்கண்ணாடி கொண்டு கூட்டுப்புழுக்களை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கருமையான கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைகளை எரிக்காமல் தோப்பிலேயே விட்டுவைத்தால் குளவிகள் பெருகும். மருந்துச் செலவும் மிஞ்சும்.