குத்தகை நிலங்களில் கௌதாரி வேட்டையும் வேட்டை நாய்களும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் தாலுகாக்களின் கரிசல் பூமியிலும், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளிலும் கௌதாரியும் காடையும் வாழ்கின்றன. அறுவடைக்குப் பின் நிலம் தரிசாய்க் கிடக்குங் காலத்தில், நாய்களுடன் வருவோர் சிறு தொகை கொடுத்து இப்பட்சிகளைப் பிடிக்க அனுமதி கேட்பின், நிலச்சொந்தக்காரரும் குத்தகைதாரரும் செய்யவேண்டுவது யாது என்பதை இங்கே காண்போம்.

சட்டத்தின் நிலை

1912-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, குறித்த சில மாதங்களில் மட்டும் பட்சிகளைப் பிடித்தல் விலக்கப்பட்டிருந்தது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் லைசென்சு பெற்று வேட்டையாட இடங்கொடுத்தது. 1991-ம் வருஷத்துத் திருத்தம் அதனை அகற்றிவிட்டது. சுடுதலும் கண்ணி வைத்தலும் மட்டுமே வேட்டை என்று எண்ணலாகாது. நாய் விட்டுத் துரத்துதலும், அதற்கு முயலுதலும், கூட்டைக் கலைத்தலும், முட்டையைச் சேதப்படுத்துதலும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. 2022-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி இத்தகைய குற்றத்திற்குப் பொதுவாக மூன்று வருஷம் வரை சிறைவாசமோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குற்றத்திற்கு உடந்தையாயிருப்பவரும் குற்றவாளியாகவே கருதப்படுவர். ஆகையால், தொகை பெற்று அனுமதி கொடுத்த நிலச்சொந்தக்காரர், “பிடித்தவன் அயலான்” என்று சொல்லித் தப்பிக்க இயலாது. குத்தகை என்பது பயிரிடும் உரிமை. பட்சியைப் பிடிக்கும் உரிமை அதில் அடங்காது. நிலச்சொந்தக்காரரிடமே இல்லாத உரிமையை அவர் பிறருக்கு விடுதல் எங்ஙனம்? இங்கிலாந்தில் வேட்டை உரிமையை நிலத்தினின்று பிரித்துத் தனியே குத்தகைக்கு விடுவதுண்டு. அங்கும் 1880-ம் வருஷத்துச் சட்டம் பயிர்காக்கும் பொருட்டு முயலினங்களைப் பிடிக்கும் உரிமையை மட்டுமே குடியானவருக்கு அளித்தது. பட்சிகளை அதில் சேர்க்கவில்லை.

பட்சிகளால் விளையும் நன்மை

கௌதாரி தானியத்தையும் புல் விதைகளையும் தின்பதோடு கறையான்களையும் வண்டுகளையும் தின்கின்றது. குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளே முக்கிய ஆகாரம். பெட்டை, புதரடியில் தரையைச் சிறிது பள்ளமாக்கி ஆறு முதல் எட்டு முட்டைகள் இடும். சுமார் பதினெட்டு நாள் அடைகாக்கும். சித்திரை முதல் புரட்டாசி வரை இனப்பெருக்கத்தின் முக்கிய காலமாகும். நிலம் தரிசாயிருக்கும் மாதங்களும் பெரும்பாலும் இவையே. அவ்வேளையில் அவிழ்த்து விடப்பட்ட ஒரு நாய், பட்சியைப் பிடிக்காவிடினும், கூட்டைக் கலைத்து ஓர் ஈற்று முழுவதையும் அழித்துவிடக்கூடும்.

நாய்களைப் பற்றி

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை கண்ணால் கண்டு துரத்தும் ஜாதி நாய்கள். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் 2020-ம் வருஷத்தில் இந்நாட்டு நாயினங்களாகப் பதிவு செய்யப்பட்டன. இவற்றைக் காவலுக்கு வளர்ப்பதில் தடை ஏதுமில்லை. களத்திலும் ஆட்டுக்கிடையிலும் இரவுக்காவலுக்கு வைத்து, பகலில் கட்டி வைத்தல் நலம்.

விவசாயிகள் கவனிக்கவேண்டியவை

1. குத்தகைச் சீட்டில், “நிலத்தில் வன உயிர் வேட்டை கூடாது, வேட்டை நாய்களுடன் பிறரை அனுமதித்தலும் கூடாது” என ஒரு நிபந்தனை எழுதிக்கொள்க.

2. வரப்போரப் புல்லையும் உடைமரப் புதர்களையும் கோடையில் தீயிட்டுக் கொளுத்தாதிருத்தல் வேண்டும்.

3. கோடை உழவை நிலத்தின் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிச் செய்க. அப்போது குஞ்சுகள் வரப்புக்கு ஓடிப் பிழைக்கும்.

4. மருந்து கலந்த விதையை மண்ணால் நன்கு மூடுக. சிந்தியதைப் பொறுக்கி அப்புறப்படுத்துக.

5. பயிர்ச்சேதம் ஏற்படின் கண்ணியும் விஷமும் வையாது, கிராம நிர்வாக அலுவலர் அறிய, வனத்துறைக்கு மனுச் செய்க. மயில் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்ததாதலால் அதனிடத்து மிகுந்த எச்சரிக்கை தேவை.

6. மாமிசம் வேண்டுவோர் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடையை வாங்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள், நாய்களுடனும் வலைகளுடனும் வருவோரைக் கண்டால் தாமே தண்டிக்க முற்படாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துப் பார்களை அதிகாரிகள் சோதித்து, சிப்பி முற்றியிருந்தாலன்றிக் குளிப்பு நடத்தியதில்லை. அங்ஙனம் காத்தும், 1961-ம் வருஷத்திற்குப் பின் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காவலின்றி விடப்படும் கரிசற் பட்சிகளின் கதி யாதாகும் என்பதை விவசாயிகளே சிந்தித்துக்கொள்ளலாம்.